கோடும் சேருமா?

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆஸ்பத்திரியில் என்று சொன்னால் நர்ஸா என்பார்கள். இல்லை என்றால் அடுத்தபடியாக டாக்டரா என்று ஒருவரும் கேட்டதில்லை. என் முகராசி அப்படி. நான் திட்டப் பிரிவில் இருக்கிறேன். பெரியவர்கள் வாயால் சொல்லும் விதிகளை அசமன்பாடுகளாக எழுதிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. சமன்பாடு எல்லாருக்கும் தெரியும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தே தீர வேண்டும் என்று அது அடம்பிடிக்கும். அசமன்பாடு அவ்வளவு கறார் இல்லை. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைத் தாண்டாமல் இருந்தால் சரி என்று விட்டுவிடும்.

'குறைந்தது', 'அதிகபட்சம்', 'மேல் போகக் கூடாது', 'வரைக்கும்' என்ற நாலு சொற்களை வைத்துக்கொண்டு பதினோரு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். பேசும்போது எல்லாரும் தாராளப் பிரபுக்கள். "அறுபது வயசு வரைக்கும்னு வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். நேற்றுத்தான் அறுபது முடிந்த மனுஷன் உள்ளேயா வெளியேயா என்று யோசிக்க மாட்டார்கள். அதனால் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன். "அந்த எண்ணும் சேருமா?" சேரும் என்றால் '<' என்ற குறிக்குக் கீழே ஒரு சின்னக் கோடு போடுவேன். சேராது என்றால் போட மாட்டேன். அந்தக் கோட்டில்தான் என் கௌரவம் முழுவதும் இருந்தது. ஆஸ்பத்திரியில் எனக்குப் பெயரே 'சேருமா மேடம்'. கேலிதான், தெரியும். ஆனாலும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும்.

வீட்டில் எனக்கு இருப்பது ஒரு தம்பி. அப்பா அம்மா போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். வண்டிகளுக்கு நம்பர் பலகை எழுதுகிறவன். அளவுகோல் வைக்காமல் நேர்கோடு போடுவான். நாலு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய இரண்டு சிறுநீரகமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கையை விரித்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று முறை என் ஆஸ்பத்திரியிலேயே ரத்தம் சுத்திகரிக்கும் பிரிவில் நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து கிடப்பான். நான் மேலே மூன்றாம் மாடியில் குறி போட்டுக்கொண்டிருப்பேன், அவன் கீழே மெஷினோடு இருப்பான்.

இந்த நோயில் பெரிய எதிரி தண்ணீர். குடிப்பது வெளியே போகாது, உடம்பிலேயே தங்கும். முதல் வருஷம் ஒரு கோடை மதியம் தாகம் பொறுக்காமல் ஒன்றரை லிட்டரை ஒரே மூச்சில் குடித்துவிட்டான். நெஞ்சில் நீர் ஏறி, மாடிப்படித் திருப்பத்தில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான். கரையில் உட்கார்ந்துகொண்டே ஒருவன் முழுகுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை என் கையை அவன் பிடித்த பிடியில் என் வளையல் வளைந்துபோனது.

மறுநாளே ஒரு பாட்டில் வாங்கி ஐந்நூறு மில்லியில் கோடு கிழித்தேன். பக்கத்தில் என் தொழில் புத்தியோடு 'n ≤ 500' என்றும் எழுதினேன். ஒரு நாளைக்கு அவ்வளவுதான். மார்க்கரில் போட்ட கோடு நாலு கழுவலில் அழிந்துவிட்டது. தம்பி அதைச் சிவப்பு எனாமலில் திருப்பி எழுதினான், குறியையும் சேர்த்து, நம்பர் பலகை எழுத்தில். அன்றிலிருந்து அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு சொட்டுக் குடித்ததில்லை. கோடு வரைக்கும் குடிப்பான், அதில் ஒரு சொட்டையும் விடமாட்டான். நர்ஸுகள் அவனுக்குக் 'கோட்டுக்காரர்' என்று பெயர் வைத்தார்கள். அக்கா 'சேருமா', தம்பி 'கோடு'. நல்ல குடும்பம் என்று பெரிய சிஸ்டர் சொல்லிச் சிரிப்பார்.

போன மாதம் சுத்திகரிப்புப் பிரிவில் இருந்த எட்டு மெஷின்களில் ஒன்று நின்றுபோனது. புதிது வர ஆறு மாதமாவது ஆகும் என்றார்கள். ஒரு மெஷினில் ஒரு நாளைக்கு மூன்று முறை, வாரத்தில் ஆறு நாள், ஆக பதினெட்டு முறை. எட்டு மெஷினுக்கு நூற்று நாற்பத்து நாலு. வாரம் மூன்று முறை வருகிறவர்கள் x பேர், இரண்டு முறை வருகிறவர்கள் y பேர் என்றால், 3x + 2y ≤ 144. அந்த அசமன்பாட்டை எழுதினவள் நானே. நாற்பது பேர் மூன்று முறை, பன்னிரண்டு பேர் இரண்டு முறை. நூற்றிருபதும் இருபத்து நாலும் நூற்று நாற்பத்து நாலு. ஏற்கெனவே கழுத்துவரை நிரம்பிய கணக்கு. இப்போது வலப்பக்கம் நூற்றிருபத்தாறாகிவிட்டது. மூன்று முறை வருகிறவர்களில் பதினெட்டுப் பேரை இரண்டு முறைக்கு இறக்கியாக வேண்டும்.

வியாழக்கிழமை பிரிவின் தலைமை டாக்டர் அறையில் கூட்டம். அவர், பெரிய சிஸ்டர், நான். டாக்டர் கெட்டவர் இல்லை. கண்ணுக்குக் கீழே பை விழுந்த, பாதித் தூக்கத்தில் நடமாடுகிற மனுஷர்.

"தாங்கக்கூடியவங்களை ரெண்டு தடவைக்கு மாத்திடுங்க" என்றார்.

"தாங்கக்கூடியவங்கன்னா யாரு டாக்டர்?"

"பார்த்தா தெரியாதா?"

"கம்ப்யூட்டர் பார்க்காது. எண்ணாச் சொல்லுங்க."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மூத்திரம் கொஞ்சமாவது போறவங்க தாங்குவாங்க. அந்த அளவு இருக்கா?"

"அதை யாரும் எழுதி வைக்கிறதில்லையே" என்றார் பெரிய சிஸ்டர்.

"வேற என்னதான் எழுதி வைக்கிறீங்க?"

"எடை. வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை. அது மட்டும் தவறாம இருக்கு."

"சரி, அப்போ எடையை வெச்சுப் போடுங்க. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில கம்மியா ஏறுறவங்க. கடைசிப் பன்னிரண்டு தடவையோட சராசரி. ஒன்றரைக் கிலோ வரைக்கும்."

போட்டுப் பார்த்தேன். பதினோரு பேர்தான் வந்தார்கள். போதவில்லை.

"ரெண்டு கிலோ வரைக்கும் வெச்சுக்கோங்க."

வாய் சும்மா இருந்ததா? "ரெண்டும் சேருமா டாக்டர்?"

பெரிய சிஸ்டர் சிரித்துவிட்டார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "எது உங்களுக்கு வசதி?"

இரண்டையும் போட்டுப் பார்த்தேன். சேராவிட்டால் பதினேழு. சேர்த்தால் பதினெட்டு. இருபத்திரண்டு பேர் மூன்று முறை, முப்பது பேர் இரண்டு முறை. அறுபத்தாறும் அறுபதும் நூற்றிருபத்தாறு. இப்படி இம்மி பிசகாமல் உட்காரும் கணக்கு வருஷத்தில் ஒன்று வந்தால் அதிகம்.

"சேர்த்தா அச்சு வார்த்த மாதிரி உட்காருது டாக்டர்" என்றேன். நான்தான் சொன்னேன். சந்தோஷமாகச் சொன்னேன்.

"அப்போ சேருங்க. பேரு எதுவும் எனக்கு வேண்டாம், நம்பர் மட்டும் போதும். திங்கட்கிழமை எடையையும் சேர்த்துப் பார்த்துட்டு, செவ்வாயிலிருந்து புது அட்டவணை."

தம்பியின் நினைப்பு உனக்கு வரவே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. வந்து, போய்விட்டது. அவனுக்கு மூத்திரம் நின்று மூன்று வருஷம். படி ஏறினால் நடுவில் ஒருமுறை உட்கார வேண்டும். அவனைப் பார்த்த எந்தப் பைத்தியமும் அவனைத் தாங்கக்கூடியவன் என்று சொல்லாது. அந்த தைரியத்தில் இருந்தேன். டாக்டர் சொன்ன சொல் 'தாங்கக்கூடியவர்' என்பதையும், நான் எழுதியது எடையை என்பதையும், இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் விழுகிற அளவுக்கு இடைவெளி இருப்பதையும் நான் பார்க்கவில்லை. பதினோரு வருஷ அனுபவத்தைக் குப்பையில்தான் போட வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை பட்டியலை அச்செடுத்தேன். எடை ஏறும் வரிசையில் பதினெட்டு எண்கள். கடைசி வரியில் 27. சராசரி 2.00. எனக்கு என் போன் நம்பர் மறந்தாலும் தம்பியின் அட்டை எண் மறக்காது. பன்னிரண்டு எடைகளையும் நானே கூட்டிப் பார்த்தேன். இருபத்து நாலு. மறுபடி கூட்டினேன். இருபத்து நாலு. கூட்டலில் என்றைக்காவது தப்புச் செய்திருந்தால்தானே.

மூன்று வருஷத்துக்கு மேல் கோடு தாண்டாமல் குடித்தவனுக்குக் கிடைத்த பரிசு அது. நாக்கு வெடித்தாலும் கோட்டோடு நிறுத்தினான், அதனால் எடை ஏறவில்லை. எடை ஏறாததால் அவன் தாங்கக்கூடியவன். வாரம் ஒருமுறை திருட்டுத்தனமாக ஒரு டம்ளர் குடித்திருந்தால் அவன் இந்தத் தாளில் இருந்திருக்க மாட்டான். தாகத்தை அளக்க அங்கே யாரிடமும் தராசு இல்லை.

கீபோர்டில் கை போனது. அந்தச் சின்னக் கோட்டை எடுத்துவிட்டேன். பட்டியல் பதினேழாகச் சுருங்கியது. கீழே 127 ≤ 126 என்று சிவப்பில் கண்ணைக் குத்தியது. பொருந்தவில்லை, இன்னும் ஒருவர் வேண்டும் என்று கேட்டது. அடுத்த ஆள் யார் என்று பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. 41, சராசரி 2.05. தம்பிக்கு அடுத்த நாற்காலியில் சாய்கிற தையல்காரம்மா. அவன் இளைக்க இளைக்க அவன் பேன்ட்டுகளின் இடுப்பைப் பிடித்துத் தைத்துத் தருகிறவர். கூலி கொடுத்தால் "போடா" என்பார். கோட்டைத் திரும்பப் போட்டேன்.

டாக்டரிடம் போய் நின்றேன்.

"டாக்டர், இருபத்தேழு என் தம்பி."

அவர் பேனாவை மூடிவைத்தார். "எனக்குத் தெரியாதும்மா."

"அவனால தாங்க முடியாது."

"அந்தப் பதினெட்டுப் பேருல யாரால முடியும்னு நினைக்கிறீங்க?"

"அப்புறம் எதுக்குத் தாங்கக்கூடியவங்கன்னு சொன்னீங்க?"

"வேற என்ன வார்த்தை சொல்லச் சொல்றீங்க?" குரலை உயர்த்தவில்லை. ஒரு துண்டுச் சீட்டையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். "உங்க தம்பியை எடுத்துடறேன். நிஜமாத்தான் சொல்றேன். அந்த இடத்துல யாருன்னு ஒரு நம்பர் எழுதிக் கொடுங்க."

பேனாவைக் கையில் எடுத்தேன். நல்லவள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். 41 யாரென்று தெரியாதிருந்தால் எழுதியிருப்பேன். அந்த அம்மாவின் ஊசி குத்தித் தழும்பேறிய விரல் கண்ணில் வந்து நின்றது. எழுத முடியவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை முழுவதும் வீட்டில் பைத்தியம் பிடித்தவள் மாதிரி சுற்றினேன். அப்புறம் ஒன்று உறைத்தது. திங்கட்கிழமை எடை இன்னும் பார்க்கவில்லையே! அவன் ஒரே ஒரு லிட்டர் கூடுதலாகக் குடித்துவிட்டுப் போனால் சராசரி 2.08. பட்டியலிலிருந்து தானாக வெளியே வந்துவிடுவான். அப்போதும் 41 உள்ளே போகத்தான் வேண்டும். ஆனால் நான் எழுதிக் கொடுத்ததாக இருக்காது, தராசு சொன்னதாக இருக்கும். மனசு எவ்வளவு சாமர்த்தியமாகத் திருடுகிறது பாருங்கள்.

ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேஜையில் நாலு டம்ளர் தண்ணீர் வைத்தேன். ஒவ்வொன்றும் கால் லிட்டர். தம்பி ஒரு நம்பர் பலகையை வெயிலில் காயவைத்துவிட்டு வந்தான்.

"யாரு வராங்க அக்கா?"

"யாரும் இல்லை. உனக்குத்தான். குடி."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின், பதினெட்டு, இரண்டு கிலோ, சேருமா என்று நான் கேட்டது, அச்சு வார்த்த மாதிரி என்று சொன்னது. 41ஐ மட்டும் சொல்லவில்லை. அவன் முழுக்கக் கேட்டான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ தண்ணி குடிக்காததுதான் நான் செஞ்ச தப்பா?" என்றான்.

"ஆமாண்டா. குடி."

முதல் டம்ளரை எடுத்தான். வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு மடக்காக, முழுவதும் குடித்தான். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கோடு போட்ட பிறகு அவன் ஒரு டம்ளரை முழுசாகக் குடித்து நான் பார்த்ததில்லை. இரண்டாவது டம்ளரை நகர்த்தினேன். அவன் அதன் வாயைக் கையால் மூடினான்.

"போதும் அக்கா."

"இன்னும் மூணு இருக்குடா."

"காலையிலிருந்து பாட்டில்ல கால் லிட்டர் குடிச்சாச்சு. இதுவும் கால் லிட்டர். கோடு வந்துடுச்சு."

அவன் என் பேச்சுக்குச் சம்மதித்துக் குடிக்கவில்லை. அன்றைய பங்கைத்தான் குடித்திருக்கிறான்.

கெஞ்சினேன். திட்டினேன். செத்த அப்பா அம்மாவையெல்லாம் இழுத்தேன். கடைசியில் டம்ளரை அவன் வாயில் வைத்து அழுத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டான். தண்ணீர் தாடையில் வழிந்து சட்டையை நனைத்தது. மேஜையைப் பிடித்திருந்த அவன் கை, அன்று மாடிப்படிக் கம்பியைப் பிடித்திருந்ததே, அதே மாதிரி இறுகியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"முடியலை அக்கா" என்றான். "செத்துப்போறதுக்குப் பயமில்லை. அப்படிச் சாகத்தான் பயமா இருக்கு. நீதானே கோடு போட்டே, அதுக்கு இந்தப் பக்கம் இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னே. நான் அதை நம்பித்தானே இவ்வளவு நாளும் இருந்தேன்."

நான் அந்த மூன்று டம்ளரையும் தொட்டியில் கொட்டினேன். அவன் அந்தச் சத்தம் நிற்கும்வரை தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை எடை ஏற்றம் 2.4. பன்னிரண்டில் கழன்றுபோன பழைய திங்கட்கிழமையும் 2.4. கூட்டுத்தொகை அசையவில்லை. இருபத்து நாலு. பதினெட்டுப் பேர். 126 ≤ 126. திரை பச்சையானது. நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

தம்பிக்கு இனி திங்களும் வியாழனும். வியாழனிலிருந்து அடுத்த திங்கள்வரை நடுவில் மூன்று முழு நாள். மாலையில் டாக்டரே கூப்பிட்டார்.

"தண்ணியைக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லுங்கம்மா."

"எவ்வளவு?"

"முந்நூத்தம்பது வரைக்கும்."

பதினோரு வருஷத்தில் முதல்முறையாகத் திருப்பிக் கேள்வி கேட்காமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். தம்பி பாட்டிலை எடுத்து, பிளேடால் பழைய கோட்டைச் சுரண்டினான். சிவப்புத் தூள் செய்தித்தாளில் உதிர்ந்தது. சமையலறை அளவுக் குவளையில் முந்நூற்றைம்பது மில்லி அளந்து பாட்டிலில் ஊற்றி, மேஜைமேல் ஆடாமல் வைத்து, தண்ணீர் மட்டத்துக்கு நேராகக் கண்ணை இறக்கிப் பார்த்தான். எனாமல் டப்பாவைத் திறந்தான். தூரிகையைத் தோய்த்து, விளிம்பில் வழித்து, பாட்டிலுக்குக் கிட்டே கொண்டுபோனவன் நிறுத்தினான்.

"அக்கா, இந்தத் தூரிகைக்குக் கோடு கொஞ்சம் தடிப்பா விழும். முந்நூத்தம்பது கோட்டோட எந்த விளிம்புல இருக்கணும்? கோடும் சேருமா, சேராதா?"

இந்தக் கேள்வியை நான் ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கோட்டின் தடிமனுக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. பாட்டிலின் அகலம், தூரிகையின் அகலம். பத்து மில்லி வரும். ஒரு மடக்கு.

"சேரும்டா" என்றேன். "கோட்டுக்கு மேல் விளிம்பு வரைக்கும் குடிக்கலாம்."

அவன் தலையாட்டிவிட்டு, தண்ணீர் மட்டத்தைக் கீழ் விளிம்பாக வைத்து, கை நடுங்காமல் கோட்டைப் போட்டான்.